ஒரே தூள், இரண்டு கேள்விகள்: நுண்துளைப் பொருளில் வாயு ஒட்டும் அளவையும் விரவும் வேகத்தையும் அளக்கும் முழு வழிகாட்டி

நுண்துளைப் பொருள் ஒன்று கைக்கு வந்ததும் இரண்டு கேள்விகள் எழும். இதன் பரப்பில் எவ்வளவு வாயு ஒட்டும்? அந்த வாயு உள்ளே போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும்? முதல் கேள்விக்குத் தூளைத் தாராளமாகப் போட வேண்டும். இரண்டாவதற்குச் சிட்டிகைகூட அதிகம். இரண்டு விடைகளையும் ஒரே ஓட்டத்தில் தந்துவிடுவதாகக் கருவியின் மென்பொருள் ஆசை காட்டும். அங்கேதான் தடுக்கி விழுகிறோம்.

நானும் விழுந்தேன். ஒரு கிராம் ஜியோலைட்டை (நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிக்கேட் படிகம்) குப்பியில் போட்டு, அழுத்தம் இறங்கும் வளைகோட்டிலிருந்து விரவல் கெழுவை (வாயு உள்ளே பரவும் வேகத்தைக் குறிக்கும் எண்) கணக்கிட்டு, பல வாரங்கள் அந்த எண்ணோடு குடும்பம் நடத்தினேன். ஒருநாள் தூள் தீர்ந்துபோய் அரை கிராம்தான் மிச்சம் இருந்தது. அதைப் போட்டு அளந்தால் விரவல் கெழு நான்கு மடங்கு ஆகியிருந்தது. படிகம் அதே படிகம். மாறியது குப்பிக்குள் தூள் குவிந்திருந்த உயரம் மட்டுமே. அது பாதியானதால் நேரம் கால்பங்கானது. அதுவரை நான் அளந்தது குவியலைத்தான், படிகத்தை அல்ல.

இந்தக் குழப்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1970களில் ஜியோலைட்டுகளில் விரவலை என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) முறையில் நேரடியாக அளக்கத் தொடங்கியபோது, அதுவரை எடையேற்ற வளைகோடுகளிலிருந்து (நேரம் போகப்போக எடை ஏறும் விதம்) எடுத்த எண்கள் சில அமைப்புகளில் பல பத்தின் அடுக்குகள் குறைவாக இருப்பது தெரியவந்தது. வெப்பம் வெளியேறத் தாமதமாவதும், தூள் படுகைக்குள் வாயு ஊர்ந்து போவதும் அந்த வேறுபாட்டின் ஒரு பகுதிக்குக் காரணம் என்பது படிகத்தின் அளவை மாற்றி மாற்றி அளந்தபோதுதான் வெளிப்பட்டது. மீதி வேறுபாடு சில அமைப்புகளில் இன்றும் தீரவில்லை. ஆகவே, கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அச்சாணி ஒன்றுதான்: அளவை மாற்றிப் பார்க்காமல் எந்த விரவல் எண்ணையும் நம்பக் கூடாது.

படி 1: எந்த ‘அளவு’ என்று பிரித்துக்கொள்ளுங்கள்

‘சாம்பிள் அளவு’ என்று பொதுவாகச் சொன்னால் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடும். ஒன்று, மொத்த எடை. எத்தனை மில்லிகிராம் போட்டீர்கள் என்பது. இரண்டு, துகளின் ஆரம். தூளில் அது தனிப் படிகத்தின் ஆரம், பெல்லட்டில் (தூளை அழுத்திச் செய்த சிறு கட்டி) பெல்லட்டின் ஆரம், நிலக்கரியில் நொறுக்கிய துண்டின் ஆரம். மூன்று, படுகையின் ஆழம். துகள்கள் எவ்வளவு உயரத்துக்குக் குவிந்திருக்கின்றன என்பது.

ஒட்டும் அளவைப் பொறுத்தவரை எடைதான் முக்கியம். கொள்கைப்படி மற்ற இரண்டும் சமநிலையைப் பாதிக்காது. ஆனால் சமநிலைக்குக் காத்திருக்கும் நேரத்தை நிர்ணயிப்பவை அவைதான். வேகத்தைப் பொறுத்தவரை மூன்றும் சேர்ந்து விளையாடும். எடை கூடினால் வெப்பம் கூடும், ஆழம் கூடினால் வாயு ஊரும் தூரம் கூடும், ஆரம் கூடினால் உள்ளே போகும் நேரம் அதன் வர்க்கமாகக் கூடும். குறிப்பேட்டில் இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள்.

படி 2: கருவியைத் தொடும் முன் காகிதத்தில் கணக்கு

கோள வடிவத் துகளில் வாயு பாதி நிரம்ப ஆகும் நேரம் ஏறக்குறைய 0.03 × ஆரத்தின் வர்க்கம் ÷ விரவல் கெழு. 99 சதவீதம் நிரம்ப 0.42 × ஆரத்தின் வர்க்கம் ÷ விரவல் கெழு. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

விரவல் கெழு 10⁻¹⁴ மீ²/வி என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 1 மைக்ரோமீட்டர் என்றால் பாதி நிரம்ப 3 வினாடி. 10 மைக்ரோமீட்டர் என்றால் 5 நிமிடம். 50 மைக்ரோமீட்டர் என்றால் 2 மணி நேரத்துக்கும் மேல், 99 சதவீதத்தை எட்ட 29 மணி நேரம். இதே பொருளைத் தானியங்கிக் கருவியில் போட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் ‘5 நிமிடம் அழுத்தம் மாறாவிட்டால் சமநிலை’ என்று அமைத்தால், பெரிய படிகத்தில் சமநிலை வராமலேயே கருவி அடுத்த புள்ளிக்குத் தாவிவிடும். கிடைக்கும் சமவெப்பக் கோடு (மாறா வெப்பநிலையில், ஒவ்வொரு அழுத்தத்திலும் ஒட்டிய அளவு) வழவழப்பாக இருக்கும், ஆனால் தவறாக இருக்கும்.

விரவல் கெழு 10⁻¹⁰ மீ²/வி என்றால் நிலைமை தலைகீழ். 1 மைக்ரோமீட்டர் படிகம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் பாதி நிரம்பிவிடும். வால்வு திறக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும். அந்தப் பொருள்-வாயு ஜோடியை எடையேற்ற வளைகோட்டால் அளக்க முயல்வது வீண்வேலை. பெரிய படிகம் தேட வேண்டும், இல்லையென்றால் என்.எம்.ஆர். போன்ற முறைக்குப் போக வேண்டும்.

அடுத்து படுகை. கேரியர் வாயுவோடு (தான் ஒட்டாமல் சுமந்து மட்டும் வரும் வாயு) கலந்து வரும் வாயு, தூளின் இடைவெளிகளில் 5 × 10⁻⁶ மீ²/வி வேகத்தில் விரவுகிறது, இடைவெளிப் பங்கு 0.4, ஹென்றி மாறிலி (படிகத்துக்குள் உள்ள செறிவுக்கும் வெளி வாயுவின் செறிவுக்கும் உள்ள விகிதம்) பரிமாணமற்ற அளவில் 1000 என்று கொள்வோம். போகும் வழியில் உள்ள ஒவ்வொரு படிகமும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வதால், படுகைக்குள் நிகர வேகம் 3.3 × 10⁻⁹ அளவுக்கு இறங்கிவிடும். மேல்பக்கம் மட்டும் திறந்த 5 மில்லிமீட்டர் படுகை பாதி நிரம்ப 25 நிமிடம். அரை மில்லிமீட்டர் படுகைக்கு 15 வினாடி. தனிப் படிகத்துக்கோ 3 வினாடிதான். 5 மில்லிமீட்டர் குவியலில் அளந்து, அது படிகத்தின் வேகம் என்று எழுதினால் ஏறத்தாழ 500 மடங்கு பிழை. கேரியர் இல்லாத தூய வாயுவில் அழுத்த வேறுபாடே வாயுவைத் தள்ளுவதால் நிலைமை இவ்வளவு மோசமாகாது. ஆனால் மிகக் குறைந்த அழுத்தங்களில் அந்த உதவியும் போய்விடும்.

ஒட்டும் தன்மை கூடக்கூடப் படுகைத் தடையும் கூடும் என்பதையும் இந்தக் கணக்கில் கவனியுங்கள். ‘நல்ல’ பொருள்தான் அளக்கக் கடினமான பொருள்.

படி 3: டீகேஸ் செய்வதும் எடை போடுவதும்

துளைகளில் ஏற்கெனவே குடியிருக்கும் நீரையும் கரைப்பானையும் வெளியேற்றாமல் எதையும் அளக்க முடியாது. ஜியோலைட்டுக்கு வெற்றிடத்தில் 350 °C அளவில் ஓர் இரவு வழக்கம். ஆனால் நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி என்று மெதுவாக ஏற்றுங்கள். ஈரம் நிறைந்த ஜியோலைட்டைச் சடாரென்று சூடாக்கினால் துளைக்குள்ளேயே நீராவி உருவாகிச் சட்டகத்தைச் சிதைக்கும். போதாக்குறைக்குத் தூள் பொங்கிக் குழாய்க்குள் பறக்கும். கிளர்வுற்ற கரிக்கு 200 முதல் 300 °C வழக்கம். மாஃப் எனப்படும் உலோக-கரிமச் சட்டகங்களில் பல 100 முதல் 150 °C தாண்டினால் ஆபத்து. முதலில் வெப்ப எடைப் பகுப்பாய்வு செய்து எங்கே சிதைகிறது என்று பார்த்துவிட்டு வெப்பநிலையைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததா என்பதைக் கடிகாரத்தைக் கேட்காதீர்கள். பம்பைத் துண்டித்து வால்வை மூடிச் சில நிமிடங்கள் அழுத்தத்தைக் கவனியுங்கள். ஏறிக்கொண்டே இருந்தால் வாயு இன்னும் வெளிவருகிறது, அல்லது கசிவு இருக்கிறது.

பெரிய துண்டுகளுக்கு இது இன்னும் முக்கியம். உள்ளே போக ஒருநாள் எடுக்கும் பொருளிலிருந்து நீர் வெளியே வரவும் நாள்கணக்கு ஆகும். தூளுக்கு எழுதிய டீகேஸ் நேரத்தை அப்படியே பெல்லட்டுக்குப் போடக் கூடாது.

எடை போடும்போது நடக்கும் ஒரு சிறு தவறு, மற்ற எல்லா நுணுக்கங்களையும் சேர்த்து விழுங்கிவிடும். டீகேஸ் முடிந்ததும் குழாயில் ஹீலியம் நிரப்பி, மூடியோடு எடை போடுகிறீர்கள். வெறும் குழாயை முன்பு காற்றோடு எடை போட்டிருக்கிறீர்கள். குழாயின் கொள்ளளவு 20 மில்லிலிட்டர். காற்றின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம், ஹீலியத்துடையது 0.17. வித்தியாசம் ஏறத்தாழ 20 மில்லிகிராம்! ஒரு கிராம் சாம்பிளில் இது 2 சதவீதம். 100 மில்லிகிராமில் 20 சதவீதம். வெறும் குழாயையும் அதே வாயு நிரப்பி, அதே மூடியோடு எடை போட்டால் பிரச்சினையே இல்லை. நைட்ரஜன் நிரப்புவதும் நல்லது. அதன் அடர்த்தி காற்றை ஒட்டியே இருப்பதால் பிழை ஒரு மில்லிகிராமைத் தாண்டாது. கணக்கில் எப்போதும் டீகேஸ் செய்த பின் எடுத்த எடையையே பயன்படுத்துங்கள். ஜியோலைட்டில் கால்பங்கு எடை வெறும் தண்ணீராக இருந்திருக்கலாம்.

படி 4: ஒட்டும் அளவு, அழுத்த முறையில்

சீவர்ட்ஸ் முறை என்று அழைக்கப்படும் இதன் தத்துவம் எளிது. கொள்ளளவு தெரிந்த கலத்தில் வாயுவை நிரப்பி, வால்வைத் திறந்து சாம்பிள் கலத்துக்குள் விடுகிறோம். சாம்பிள் எதையும் பிடிக்காவிட்டால் அழுத்தம் எங்கே நிற்கும் என்று தெரியும். அதைவிடக் கீழே நின்றால் அந்தக் குறைவுதான் ஒட்டிய அளவு. அதாவது, இரண்டு பெரிய எண்களின் வித்தியாசத்தை அளக்கிறோம். எடை ஏன் முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இரண்டு கலமும் தலா 20 மில்லிலிட்டர், அழுத்தமானியின் முழு வீச்சு 1 பார், அதன் பிழை வீச்சில் 0.1 சதவீதம் என்றால், ஒவ்வொரு அளவீட்டிலும் 25 °C வெப்பநிலையில் சுமார் 1.6 மைக்ரோமோல் நிச்சயமின்மை உண்டு. பொருள் கிராமுக்கு 1 மில்லிமோல் பிடிக்கிறது என்போம். ஒரு கிராம் போட்டால் பிழை 0.16 சதவீதம், 100 மில்லிகிராமில் 1.6, 10 மில்லிகிராமில் 16. அதுவும் ஒரு படிக்குத்தான். அடுத்தடுத்து டோஸ் விடும்போது முந்தைய படிகளின் பிழைகளும் சேர்ந்துகொள்ளும். கொஞ்சம்தான் சாம்பிள் இருக்கிறது என்றால் கலத்தைச் சிறிதாக்குங்கள். கலத்துக்குள் கண்ணாடித் தண்டு போட்டு காலி இடத்தைக் குறைப்பது எல்லோரும் செய்யும் எளிய வழி.

அழுத்தம் ஏறும்போது வேறொரு பூதம் கிளம்பும். சாம்பிளின் எலும்புக் கொள்ளளவை (துளைகள் நீங்கலாகத் திண்மம் மட்டும் பிடிக்கும் இடம்) ஹீலியம் கொண்டு அளந்திருப்பீர்கள். அதில் 0.01 கன சென்டிமீட்டர் பிழை என்று வையுங்கள். 50 பார் மீத்தேன், 25 °C வெப்பநிலையில், ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 2.2 மில்லிமோல் இருக்கும். ஆகவே பிழை 0.022 மில்லிமோல். 2 கிராம் சாம்பிளில் இது கிராமுக்கு 0.011 மில்லிமோல், கண்டுகொள்ள வேண்டியதில்லை. 100 மில்லிகிராமில் கிராமுக்கு 0.22, உயர் அழுத்தத்தில் கோடு மேலே போகிறதா கீழே வளைகிறதா என்பதையே இது மாற்றிவிடும்.

ஹீலியமும் முழு யோக்கியன் அல்ல. மிகக் குறுகிய துளைகளில், குறிப்பாக 77 கெல்வினில், அது சிக்கிக்கொள்ளும். நுண்துளைப் பொருட்களில் ஹீலியம் அளவீட்டைப் பகுப்பாய்வு முடிந்த பிறகு செய்வதோ, முதலில் செய்தால் மீண்டும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து டீகேஸ் செய்வதோ நல்லது.

அப்படியானால் நிறையப் போட்டுவிட்டால் போதுமா? இல்லை. எடை மிகுந்தால் விட்ட டோஸ் முழுவதையும் சாம்பிளே விழுங்கும், அழுத்தம் ஏறவே ஏறாது, முக்கியமான குறைந்த அழுத்தப் புள்ளிகளுக்குப் பல மணி நேரம் ஆகும், கூடவே சாம்பிள் சூடாகும். 77 கெல்வின் நைட்ரஜன் அளவீட்டில், கலத்தில் உள்ள மொத்தப் பரப்பு சில பத்து முதல் நூற்றுச் சொச்சம் சதுர மீட்டர் வருமாறு எடையைத் தேர்ந்தெடுப்பது பழக்கத்தில் நன்றாக ஒத்துவருகிறது. அதனால் எடை 50 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தராசுப் பிழை மேலோங்கும் என்பதால் எடையை மதியுங்கள், பரப்பை விட்டுக்கொடுங்கள்.

பரப்பு பற்றி ஒரு வார்த்தை. 1938இல் புருனாவர், எம்மெட், டெல்லர் மூவரும் தந்த, ஒட்டிய அளவிலிருந்து பரப்பைக் கணக்கிடும் பி.இ.டி. சமன்பாட்டின் வழக்கமான வீச்சு ஒப்பு அழுத்தம் (அழுத்தம் ÷ நிறையாவி அழுத்தம்) 0.05 முதல் 0.30 வரை. நுண்துளைகள் நிறைந்த பொருளுக்கு இந்த வீச்சு பொருந்தாது. ரூக்கெரோல் நிபந்தனைகளைக் கொண்டு வீச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022இல் வெளியான ஒரு கூட்டாய்வில் 18 சமவெப்பக் கோடுகளை 61 ஆய்வகங்களுக்குக் கொடுத்துப் பரப்பைக் கணக்கிடச் சொன்னார்கள். தரவு ஒன்றேதான், ஆனாலும் விடைகள் பெரிதும் சிதறின. நுண்துளை ஆய்வுக்கு 77 கெல்வின் நைட்ரஜனைவிட 87 கெல்வின் ஆர்கான் சிறந்தது என்று பன்னாட்டு வேதியியல் ஒன்றியமான ஐ.யு.பி.ஏ.சி. 2015இல் பரிந்துரைத்தது, நைட்ரஜன் மூலக்கூறு துளைச் சுவரின் முனைவுள்ள இடங்களோடு தனி உறவு வைத்துக்கொள்வதே காரணம். கரியின் மிகக் குறுகிய துளைகளில் 77 கெல்வின் நைட்ரஜன் நுழையவே திணறும். அங்கே 273 கெல்வினில் கார்பன் டை ஆக்சைடு கைகொடுக்கும்.

உங்கள் கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் முன்னெடுப்பில் 11 ஆய்வகங்கள் சேர்ந்து, அம்மோனியம் வடிவ இசட்.எஸ்.எம்.-5 ஜியோலைட்டில் 20 °C வெப்பநிலையில் 45 பார் வரை கார்பன் டை ஆக்சைடு ஒட்டும் மேற்கோள் கோட்டை 2018இல் வெளியிட்டன. அதே மேற்கோள் பொருளை அளந்து அந்தக் கோட்டின் மேல் உங்கள் புள்ளிகளை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வெவ்வேறு எடைகளில் செய்தால் எந்த எடைக்குக் கீழே உங்கள் கருவி தடுமாறுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

படி 5: தராசு முறை

இங்கே எடையை நேரடியாகப் பார்க்கிறோம். பிழைகள் படிக்குப் படி குவியாது. சில பத்து மில்லிகிராம் போதும். ஆனால் மிதப்பு விசையைத் திருத்தியாக வேண்டும். 25 °C வெப்பநிலையில் 20 பார் கார்பன் டை ஆக்சைடின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம். சாம்பிள் 20 மில்லிகிராம், அதன் கொள்ளளவு 0.01 கன சென்டிமீட்டர் என்றால் அதன் மேல் மிதப்பு 0.4 மில்லிகிராம். தட்டும் தொங்குகம்பியும் 0.1 கன சென்டிமீட்டர் இடம் பிடித்தால் அவற்றின் மிதப்பு 4 மில்லிகிராம். பொருள் கிராமுக்கு 4 மில்லிமோல் பிடித்தால்கூட உண்மையில் ஏறும் எடை 3.5 மில்லிகிராம்தான். சோற்றைவிடத் தட்டின் கணக்கு பெரிதாகிவிடுகிறது. ஆகவே வெறும் தட்டோடு, அதே வாயுவில், அதே அழுத்தப் படிகளில் ஒரு வெற்று ஓட்டம் கட்டாயம்.

இரண்டு முறைகளும் நேரடியாகத் தருவது மிகைக் கவர்வு, அதாவது அதே இடத்தில் வெறும் வாயு இருந்திருந்தால் இருக்கும் அளவைவிடக் கூடுதலாக இருப்பது. துளைக்குள் உள்ள மொத்த மூலக்கூறுகளின் எண்ணிக்கை வேண்டுமென்றால் துளைக் கொள்ளளவையும் வாயு அடர்த்தியையும் பெருக்கிச் சேர்க்க வேண்டும். எதை எழுதுகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் உயர் அழுத்தத்தில் வாசகர் ஏமாறுவார்.

படி 6: வேகம், சிட்டிகைச் சாம்பிளில்

இனி கையைச் சுருக்க வேண்டும். தூளைத் தட்டில் ஒற்றைத் துகள் அடுக்காகப் பரப்புங்கள், அல்லது கண்ணாடிப் பஞ்சில் தூவுங்கள். சில மில்லிகிராம் போதும். முதலில் எதுவும் ஒட்டாத பொருளை, உதாரணமாகத் துளையற்ற கண்ணாடி மணிகளை, அதே எடையில் வைத்து அதே படியை ஓட்டுங்கள். அந்த வளைகோடுதான் கருவியின் சொந்த வேகம். உங்கள் பொருளின் பாதி நிரம்பும் நேரம் அதைவிடக் குறைந்தது பத்து மடங்காவது நீளமாக இல்லையென்றால் அந்த ஓட்டத்தை ஒதுக்கிவிடுங்கள்.

அழுத்தப் படியைச் சிறிதாக வையுங்கள். விரவல் கெழு ஒட்டிய அளவைப் பொறுத்து மாறும். சமவெப்பக் கோடு வளைகிற இடத்தில் அது பல மடங்கு ஏறும். பெரிய படியில் கிடைப்பது எந்த நிலைக்கும் சொந்தமில்லாத சராசரி. சிறு படிகளில் எடுத்து, கோட்டின் சாய்வைக் கொண்டு டார்க்கன் திருத்தம் (கோட்டின் வளைவால் வரும் மாற்றத்தை நீக்குவது) செய்தால் ஒப்பிடத்தக்க எண் வரும். என்.எம்.ஆர். தரும் தன்விரவலோடு (சமநிலையில் மூலக்கூறுகள் தாமாக அலையும் வேகம்) ஒப்பிடுவதாக இருந்தால், ஒட்டிய அளவு மிகக் குறைவாக உள்ள எல்லையில் மட்டும் ஒப்பிடுங்கள்.

சிறு படிக்கு இன்னொரு காரணம் வெப்பம். கார்பன் டை ஆக்சைடு ஜியோலைட்டில் ஒட்டும்போது ஒரு மோலுக்குச் சுமார் 40 கிலோஜூல் வெளிவரும் என்று வையுங்கள். ஒரே படியில் கிலோவுக்கு ஒரு மோல் ஒட்டினால் 40 கிலோஜூல். பொருளின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு, டிகிரிக்கு 1 கிலோஜூல். வெப்பம் வெளியேறாவிட்டால் 40 டிகிரி ஏற்றம்! சூடான பொருள் குறைவாகப் பிடிக்கும், ஆறியதும் மிச்சத்தைப் பிடிக்கும். வளைகோட்டில் முதலில் விருட்டென்று ஓர் ஏற்றம், பிறகு இழுத்துக்கொண்டே போகும் வால். அந்த வாலுக்குச் சமன்பாட்டைப் பொருத்திப் பார்த்தால் அழகாகப் பொருந்தும். அது ஆறும் வேகத்தின் சமன்பாடு.

படி 7: அளவை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஆரம் தெளிவாக வேறுபடும் குறைந்தது இரண்டு சாம்பிள்கள், கூடுமானால் மூன்று, எடுத்துக்கொள்ளுங்கள். ஜியோலைட் என்றால் வெவ்வேறு அளவில் வளர்த்த படிகங்கள். கரி, பெல்லட், பாறை என்றால் நொறுக்கிச் சலித்த பின்னங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு எடைகளில் அளக்கவும்.

எடையைப் பாதியாக்கியதும் வளைகோடு வேகமானால் படுகைத் தடையோ வெப்பமோதான் ஆட்சி செய்கிறது. ஆரத்தைப் பற்றிப் பேசும் தகுதி அந்தத் தரவுக்கு இன்னும் வரவில்லை. எடையை மேலும் குறைத்துக்கொண்டே போங்கள், மாற்றம் நிற்கும் வரை. படுகையா வெப்பமா என்று பிரிக்க, அதே எடையைப் பரப்பியும் குவித்தும் வைத்துப் பாருங்கள். ஹீலியம் நன்றாக வெப்பம் கடத்தும் என்பதால் கேரியரை நைட்ரஜனிலிருந்து ஹீலியத்துக்கு மாற்றும்போது வால் சுருங்குகிறதா என்பதும் ஒரு துப்பு. ஆனால் ஹீலியத்தில் வாயு விரவலும் வேகமாகும், ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

எடைச் சோதனையில் தேறிய பிறகு ஆரத்துக்கு வாருங்கள். ஆரம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்காகிறதா? அப்படியென்றால் துகளுக்குள்ளான விரவல்தான் தடை. கெழுவை நிம்மதியாக எழுதலாம். நேரம் இரண்டே மடங்குதான் என்றால் தடை துகளின் தோலில் இருக்கிறது. வாயில்கள் அடைபட்ட படிகங்களில் இது அடிக்கடி நடக்கும். அங்கே விரவல் கெழு என்று ஒன்றைச் சொல்வதே பொருளற்றது, பரப்பு ஊடுருவு கெழுவை (வாயு அந்தத் தோலை எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதன் அளவு) சொல்ல வேண்டும். நேரம் ஆரத்தோடு மாறவே இல்லையா? ஒன்று, கருவியின் வேகத்தையே அளக்கிறீர்கள். அல்லது நீங்கள் துகள் என்று நினைப்பதற்குள் அதைவிடச் சிறிய அலகுகள் இருக்கின்றன, அவைதான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. மின்நுண்ணோக்கியில் 20 மைக்ரோமீட்டர் உருண்டையாகத் தெரிவது உண்மையில் சின்னஞ்சிறு படிகங்களின் திரளாக இருக்கலாம்.

படி 8: இசட்.எல்.சி., சிறு அளவின் கூர்மை

ஐக், ருத்வன் இருவரும் 1988இல் விவரித்த பூச்சிய நீளக் குழாய் (இசட்.எல்.சி.) முறை, படுகை, வெப்பம் ஆகிய இரண்டு பூதங்களையும் அடக்கவே பிறந்தது. ஒன்றிரண்டு மில்லிகிராம் தூளை இரண்டு நுண்துளைத் தகடுகளுக்கு இடையே வைத்து, நீர்த்த வாயுவால் நிரப்பி, பிறகு தூய கேரியரால் அடித்துக் கழுவி, வெளிவரும் செறிவு எப்படித் தேய்கிறது என்று பார்க்கிறோம். செறிவு குறைவு, ஓட்டம் அதிகம், சாம்பிள் சொற்பம். வெப்பம் சேர வழியில்லை.

இதில் ஓர் அருமையான தற்சோதனை உண்டு. ஒரே நிரப்பலை இரண்டு மூன்று ஓட்ட வேகங்களில் கழுவுங்கள். செறிவின் மடக்கையை, ஓட்டமும் நேரமும் பெருக்கிய எண்ணுக்கு எதிராக வரையுங்கள். எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் நீங்கள் சமநிலையை அளக்கிறீர்கள். அதிலிருந்து ஹென்றி மாறிலி கிடைக்கும், விரவல் கிடைக்காது. கோடுகள் பிரிந்து, நேரத்துக்கு எதிராக வரைந்தால் நீண்ட நேரப் பகுதியில் இணையாக ஓடினால் விரவலைப் பிடித்துவிட்டீர்கள். அந்தச் சாய்வு, அதிக ஓட்டத்தில், π-யின் வர்க்கம் × விரவல் கெழு ÷ ஆரத்தின் வர்க்கம் என்ற மதிப்பை நெருங்கும். குழாய்களின் வெற்று ஓட்டத்தை மறக்க வேண்டாம். இரண்டு மில்லிகிராம் தூளுக்கு முன்னால் சில சென்டிமீட்டர் குழாய்கூட யானைதான்.

படி 9: பெல்லட், நிலக்கரி, பாறை

பெல்லட்டில் இரண்டு தடைகள் தொடராக நிற்கின்றன: பெல்லட்டின் பெருந்துளைகள், உள்ளே கட்டுண்டிருக்கும் நுண்படிகங்கள். முழு பெல்லட்டை அளந்து, நான்கில் ஒரு பங்கு ஆரத்துக்கு நொறுக்கி மீண்டும் அளந்தால் எது ஆள்கிறது என்று தெரியும். 16 மடங்கு வேகமானால் பெருந்துளைகள், மாறாவிட்டால் படிகங்கள். 10 நானோமீட்டர் துளையில் 25 °C வெப்பநிலையில் நைட்ரஜனின் நுட்சன் விரவல் கெழு 1.6 × 10⁻⁶ மீ²/வி. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதைவிடச் சுவரில் மோதுவதே அங்கே அதிகம். இந்த எண்ணைத் துளைவளைவுக் காரணியாலும் படி 2இல் கண்ட பிடித்து வைக்கும் காரணியாலும் வகுத்து, அளந்த மதிப்போடு ஒப்பிட்டால் கணக்கு நியாயமா என்று புரியும்.

நிலக்கரியில் சிறு துண்டுகள் வரை ஆரத்தோடு நேரம் கூடும். ஓர் அளவைத் தாண்டினால் கூடுவது நின்றுவிடும். துண்டுக்குள் இயற்கையான வெடிப்புகள் இருப்பதால் வாயு அவற்றின் வழியே சுலபமாக வந்துவிடுகிறது. விரவல் தூரம் என்பது வெடிப்புகளுக்கு இடைப்பட்ட திண்மப் பகுதி மட்டுமே. வளைகோட்டை ஒரே ஆரத்தால் பொருத்த முடியாவிட்டால், ருக்கன்ஸ்டைனும் உடனுழைத்தவர்களும் 1971இல் தந்த இரட்டைத் துளை மாதிரியை முயலலாம். ஆனால் அதில் பொருத்து மாறிகள் கூடுதல். எந்த வளைகோட்டுக்கும் பொருந்திவிடும் என்பதே அதன் பலவீனம்.

ஷேல் போன்ற பாறையை நொறுக்கினால் மூடிய துளைகள் திறக்கும், வெடிப்புகள் காணாமல் போகும். ஆகவே நொறுக்கிய தூளின் எண்ணும், அழுத்தத்தில் பிடித்து வைத்த உருளைத் துண்டின் எண்ணும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை. ஒட்டும் அளவைத் தூளிலும், ஊடுருவலை முழு உருளையில் பல இறுக்கு அழுத்தங்களிலும் எடுங்கள். நிலக்கரியில் ஈரம் தனிக் கதை. ஈரம் ஏறினால் மீத்தேன் பிடிக்கும் அளவு குறையும், அதனால் பொட்டாசியம் சல்பேட் நிறைகரைசலின் மேல் வைத்து 97 சதவீத ஈரப்பதத்தில் சமப்படுத்திய பிறகு அளப்பது வழக்கம். அதை டீகேஸ் செய்யும்போது சூடாக்கிவிட்டால் அத்தனை உழைப்பும் ஆவியாகிவிடும்.

படி 10: நிரப்பிய குழாயில்

பத்து கிராமிலிருந்து கிலோ வரை போகும்போது பிரேக்த்ரூ சோதனைதான் (நிரப்பிய குழாயின் வழியே வாயுவைச் செலுத்தி, அது மறுமுனையில் எப்போது வெளிப்படுகிறது என்று பார்ப்பது) நடைமுறை. குழாயின் விட்டம் துகளின் விட்டத்தைப் போல் குறைந்தது பத்து மடங்கு இருக்கட்டும். இல்லாவிட்டால் வாயு சுவரோரமாக நழுவிவிடும். உள்ளே இரண்டு மூன்று இடங்களில் வெப்ப இணை வையுங்கள். இந்த அளவில் வெப்பத்தைத் தவிர்க்க முடியாது, அளந்து கணக்கில் சேர்க்கத்தான் முடியும்.

குறைந்த சாம்பிளோடு இதைச் செய்யும் ஆசை வேண்டாம். 15 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு கலவை, குழாய்களில் 10 மில்லிலிட்டர் காலி இடம். அந்தக் காலி இடமே 1.5 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடை வைத்துக்கொள்ளும். கிராமுக்கு 1 மில்லிமோல் பிடிக்கும் பொருள் ஒரு கிராம் இருந்தால் 24.5 மில்லிலிட்டர், திருத்தம் சமாளிக்கக்கூடியது. 100 மில்லிகிராம் என்றால் 2.45 மில்லிலிட்டர், திருத்தமே விடையின் பாதிக்கு மேல். செறிவு கூடிய கலவையில் வெளியேறும் ஓட்டம் நடுவில் சுருங்கும். உள்ளே விடும் ஓட்டத்தையே வெளியேறும் ஓட்டமாகக் கொண்டால் பொருளின் திறன் குறைவாகத் தெரியும்.

குழாயில் கிடைத்த மொத்தக் கொள்திறன், படி 4இன் சமவெப்பக் கோட்டில் அதே பகுதி அழுத்தத்துக்கு உள்ள மதிப்போடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முதலில் டீகேஸ், பிறகு ஓட்டமானி, அப்புறம்தான் கோட்பாடு என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள்.

படி 11: எழுதி வைக்க வேண்டியவை

டீகேஸ் வெப்பநிலை, நேரம், ஏற்றிய வேகம், டீகேஸுக்குப் பின் எடை, துகள் ஆரமும் அதை எப்படி அளந்தீர்கள் என்பதும், படுகை ஆழம், சமநிலைக்கு வைத்த நிபந்தனை, அழுத்தப் படியின் அளவு, வெற்று ஓட்டத்தின் நேரம், எத்தனை எடைகளிலும் ஆரங்களிலும் சோதித்தீர்கள் என்ற விவரம். விரவல் கெழுவோடு ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்த விகிதத்தையும் தாருங்கள். ஆரத்தை நீங்கள் தவறாக மதிப்பிட்டிருந்தாலும் அந்த விகிதத்தை வேறொருவர் பயன்படுத்த முடியும். மூல வளைகோட்டையும், அழுத்தமும் நேரமுமாக, பொருத்திய கோடு இல்லாமல் சேர்த்து வையுங்கள்.